கை உயர்த்தியவருக்கு வேலை உண்டா?

தமிழ்நாடு அரசிடமிருந்து வரும் எந்தக் கடிதத்தை எடுத்தாலும் தலைப்பில் ஒரு கோபுரம் நிற்கும். அதோடு 'வாய்மையே வெல்லும்'. 1949-ல் உருவான முத்திரை. அது மதுரைக் கோபுரம்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பேச்சை ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் நின்று பேசிப் பாருங்கள்... பால்கோவா இல்லாமல்தான் ஊர் திரும்புவீர்கள்!

எந்த ஊர்க் கோபுரமாகவும் இருக்கட்டும். அந்தக் கோபுரம் போட்ட அரசாங்க வேலை 2016-ல் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. பெயர் சாந்தி சவுந்திரராஜன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை.

அந்த ஒரு காகிதத்துக்காக அவர் காத்திருந்தது பத்து வருஷம்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தியின் ஊர். செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த தலித் குடும்பம். அங்கிருந்து ஓடத் தொடங்கியவர், 2005-ல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டிலும் அதே 800 மீட்டர், அதே வெள்ளி. ஊரே கொண்டாடியது. சில நாள்தான். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லி பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். ஊக்கமருந்து சாப்பிட்டாரா? இல்லை. ஏமாற்றினாரா? இல்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான்.

அன்றைய முதல்வர் கருணாநிதி, பதக்கம் போனாலும் பரவாயில்லை என்று 15 லட்ச ரூபாய் பரிசைக் கொடுத்தார். சாந்தி புதுக்கோட்டையில் பிள்ளைகளைச் சேர்த்து ஓடக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பழகிய பிள்ளைகள் சென்னை மாரத்தானில் பரிசு வாங்கினார்கள். ஆனால், கையில் இருந்தது தற்காலிக வேலை, சொற்பச் சம்பளம். 2012-ல் அவர் மறுபடி செங்கல் சூளையில் தினக்கூலியாக நின்ற செய்தி வெளியானபோதுதான் நாடு திடுக்கிட்டு விழித்தது. அதன்பிறகு பெங்களூரில் பயிற்சியாளருக்கான டிப்ளமோ. பிறகு மனித உரிமை ஆர்வலர்களின் இயக்கம், மனுக்கள். கடைசியாக, நிரந்தர வேலை.

சாந்தி கொடி பிடிக்கவில்லை. கோஷம் போடவில்லை. 'என் பதக்கத்தைக் கொடுங்கள்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படிக் கேட்பதும் ஒரு போராட்டம்தானே?

இங்கேதான் ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. விளையாட்டுப் பயிற்சியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறோம். விண்ணப்பித்தவர் ஆட்டக்காரராக இருந்த காலத்தில் அநியாயத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர். அந்தக் குரலை எந்தக் கணக்கில் எழுதுவது? வரவா, செலவா? இல்லை, கணக்கிலேயே சேர்க்கக் கூடாதா?

* * *

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரி. இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம். மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, கைத்தறி நெசவாளி வீட்டுப் பிள்ளை, மலையடிவாரத்து விவசாயி மகள் என்று எல்லாரும் வந்து சேரும் வட்டாரம். இங்கே ஒரு கல்லூரியில் பிசிகல் டைரக்டர் வேலை காலி என்று வைத்துக்கொள்வோம். சும்மா ஒரு கற்பனைக்குத்தான்.

பிசிகல் டைரக்டர் என்றால் விசில் ஊதுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரியில் மற்ற வாத்தியார்களுக்கு இல்லாத அதிகாரம் அவர் கையில். டீமில் யார், பெஞ்சில் யார் என்பது அவர் முடிவு. விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்குப் போக வேண்டிய பையனின் சர்டிபிகேட்டும் அவர் வழியாகத்தான் வர வேண்டும். வெளியூர் போட்டிக்கு உங்கள் மகளை மூன்று நாள் அழைத்துக்கொண்டு போகிறவரும் அவரே. கெமிஸ்ட்ரி வாத்தியாரை நம்பி மகளை ராத்திரி ரயிலில் அனுப்புவோமா? பி.டி. மாஸ்டரை நம்பி அனுப்புகிறோம்.

இந்த வேலைக்கு விதி என்ன சொல்கிறது? யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி எம்.பி.எட். பட்டத்தில் 55 சதவிகிதம், நெட் மாதிரித் தகுதி, கல்லூரி அல்லது பல்கலைக்கழக அளவிலாவது ஆடிய அனுபவம் வேண்டும். அதோடு உடல் தகுதித் தேர்வு. 30 வயதுக்குள் இருக்கும் ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் கடக்க வேண்டும். பெண்ணுக்கு 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். நல்ல விதிதான், தொப்பையோடு விசில் ஊதுவதைத் தடுக்கும். ஆனால், அந்த 12 நிமிட ஓட்டத்தில் அளக்க முடியாத ஒன்று இருக்கிறதே... இவரிடம் பிள்ளைகள் பயமில்லாமல் பேச முடியுமா என்பதை எந்த ஸ்டாப் வாட்ச் காட்டும்?

இதே கேள்வியை ஒரு கல்லூரி அரை நூற்றாண்டுக்கு முன்பே நேருக்கு நேர் சந்தித்தது. அதற்கு நாம் கொஞ்சம் கடல் தாண்ட வேண்டும்.

* * *

1968 அக்டோபர் 16. மெக்ஸிகோ ஒலிம்பிக். 200 மீட்டரை 19.83 விநாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வாங்கினார் அமெரிக்கக் கறுப்பின வீரர் டாமி ஸ்மித். வெண்கலம் அவர் நண்பர் ஜான் கார்லோஸுக்கு. மேடையில் தேசிய கீதம் ஒலிக்கும்போது இருவரும் தலைகுனிந்து, கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தினார்கள். காலில் ஷூ இல்லை. கறுப்பு சாக்ஸ் மட்டும். தங்கள் மக்களின் வறுமையைக் காட்ட! வெள்ளி வாங்கிய ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மனும் அவர்களுக்கு ஆதரவாக மனித உரிமை பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றார்.

அப்புறம்? இரண்டு அமெரிக்கர்களையும் ஒலிம்பிக் கிராமத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். ஊருக்குத் திரும்பினால் கொலை மிரட்டல். உலகத்திலேயே வேகமான மனிதருக்கு நல்ல வேலை கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று.

நாலு வருஷம் கழித்து, 1972-ல் கதவு திறந்தது ஒஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரி. மதுரைக்காரர்களுக்கு இது புதுப் பெயர் இல்லை. அந்தக் கல்லூரியோடு சேர்ந்த 'ஷான்சி' அமைப்பின் வழியாக அமெரிக்க இளைஞர்கள் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து பாடம் நடத்தியிருக்கிறார்கள். 1835-லேயே கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பது என்று முடிவெடுத்த கல்லூரி அது.

அங்கே விளையாட்டுத் துறைத் தலைவராக வந்தவர் ஜாக் ஸ்காட். பயிற்சியாளர்கள் பட்டாளத்து சார்ஜென்ட் மாதிரி மாணவர்களை மிரட்டுவது பிடிக்காதவர்; அதை எதிர்த்துப் புத்தகமே எழுதியவர். டாமி ஸ்மித்தைத் தடகளப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார். கால்பந்துக்கு காஸ் ஜாக்சன் என்ற கறுப்பினப் பயிற்சியாளர். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பதில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு என்றார். வெள்ளையர்கள் பெரும்பான்மையாக இருந்த கல்லூரிகளில் அன்று யாரும் நினைத்துப் பார்க்காத காரியம்.

கதை சுபமாக முடிந்ததா என்றால், ம்ஹூம். ஸ்காட்டை ஆதரித்த கல்லூரித் தலைவர் போனார். 1974-ல் ஸ்காட்டும் வெளியேறினார். ஸ்மித் 1978 வரை இருந்தார். நிரந்தரம் ஆகவில்லை; கிளம்பிவிட்டார்.

போன இடம் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா கல்லூரி. அங்கே 27 வருஷம்! சமூகவியல் பாடம் எடுத்தார்; ஓட்டக்காரர்களைப் பழக்கினார்; 2005-ல் ஓய்வு பெற்றார். கார்லோஸ் 1985-ல் பாம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தடகளம் சொல்லிக்கொடுப்பதோடு இன்னொரு பொறுப்பும் கொடுத்தார்கள். சொன்ன பேச்சு கேட்காமல் தண்டனை வாங்கும் மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை! பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க ஒரு விஷயம். உயர்த்திய முஷ்டி ஸ்மித்துக்குப் பல கதவுகளை மூடியது. ஒரு கதவைத் திறந்தது. ஆனால், அந்த முஷ்டியை வைத்துக்கொண்டு 27 வருஷம் ஓட்ட முடியாது. காலையில் மைதானத்துக்கு வர வேண்டும். தொடக்கம் சரியில்லாத பையனுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வகுப்பு எடுக்க வேண்டும். வேலை தெரிந்ததால்தான் நிலைத்தார்.

* * *

இந்த இடத்தில் மறுபடி ராஜபாளையத்துக்குத் திரும்பலாம். போராட்டத்தையும் பதவியையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்கு அந்த ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

பூ.ச. குமாரசுவாமி ராஜா. 1898-ல் ராஜபாளையத்தில் பிறந்தவர். காந்தியைப் பின்பற்றி சத்தியாகிரகத்தில் இறங்கி ஜெயிலுக்குப் போனவர். வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போனவருக்கு சர்க்கார் உத்தியோகம் கனவிலும் கிடையாது. ஆகஸ்ட் 15-க்குப் பிறகு எல்லாம் தலைகீழ்! எது களங்கமோ அது கௌரவம் ஆயிற்று. 1949 ஏப்ரலில் குமாரசுவாமி ராஜா சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. ராஜபாளையத்தில் தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த மனிதர். நேர்மையில் ஒரு சொட்டு குறை சொல்ல முடியாது.

1952 பொதுத் தேர்தல் வந்தது. தோற்றுப்போனார்!

ஜனங்களுக்கு நன்றி இல்லை என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. விலைவாசி, அரிசிப் பஞ்சம், ரேஷன் என்று அன்றைய ஆட்சி மீது கோபம் இருந்தது. தியாகம் வேறு, நிர்வாகம் வேறு என்று ஜனங்கள் பிரித்துப் பார்த்தார்கள். பிறகு அவர் ஒரிஸ்ஸா கவர்னராகப் போனபோது மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்கு மத்திய அரசு 1972-ல் பென்ஷன் கொண்டுவந்தது. சரியான காரியம். அதற்காக, கண் ஆபரேஷனுக்கு டாக்டர் தேடும்போது 'எத்தனை மாசம் ஜெயில்ல இருந்தீங்க?' என்று யாராவது கேட்போமா?

ஆக, போராடியவர் என்பதற்காக மட்டும் ஒருவரைப் பயிற்சியாளர் ஆக்கக் கூடாது. அவருக்கு மாலை போடலாம், பென்ஷன் கொடுக்கலாம். டீமைக் கொடுக்க வேண்டுமானால் வேலை தெரிந்திருக்க வேண்டும்.

* * *

ஆனால், நம் ஊர் நடைமுறையில் பிரச்னை இந்தப் பக்கம் இல்லவே இல்லை. போராடியவருக்குக் கூடுதல் மார்க் போட்டு வேலை கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நடப்பதெல்லாம் நேர்மாறு. 'ஆள் நல்ல ஆள்தான்... கொஞ்சம் பிரச்னை பண்ற டைப்' என்று ஒரு கிசுகிசுப்பு. அவ்வளவுதான், ஃபைல் மூடிவிடும். யாரும் எழுத்தில் எழுத மாட்டார்கள். எழுதாத மைனஸ் மார்க்குக்கு அப்பீலும் கிடையாது.

2023-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் நடந்தது நினைவிருக்கும். மல்யுத்த சம்மேளனத் தலைவர் மீது பாலியல் புகார் சொல்லி வினேஷ் போகட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா உட்கார்ந்தார்கள். அவர் மறுத்தார், 2024-ல் டெல்லி நீதிமன்றம் அவர் மீது குற்றச்சாட்டு பதிவு செய்தது. போராடியவர்களுக்கு என்ன ஆயிற்று? 2023 மே 28-ம் தேதி போலீஸ் ரோட்டில் இழுத்துச் சென்றது. கலகம் செய்ததாக அவர்கள் மீதே வழக்கு. பிறகு அதைத் திரும்பப் பெறுவதாக மந்திரி சொன்னார். மூவருமே ரயில்வே ஊழியர்கள். வினேஷும் பஜ்ரங்கும் 2024 செப்டம்பரில் அந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு காங்கிரஸில் சேர்ந்தார்கள்.

அவர்கள் உலகம் அறிந்தவர்கள், பிழைத்துக்கொள்வார்கள். இதையே மாவட்ட அளவில் ஆடும் ஒரு கபடிப் பெண் செய்திருந்தால்? போலீஸ் வெரிஃபிகேஷனில் அந்த ஒரு எஃப்.ஐ.ஆர். போதும், ஆயுசுக்கும் கவர்மென்ட் வேலை கேள்விக்குறி.

இதற்கு உச்ச நீதிமன்றம் 2016-ல் ஓரளவு வழி காட்டியிருக்கிறது. அவதார் சிங் வழக்கு. வேலைக்கு வருகிறவர் மீது பழைய வழக்கு இருந்தால் என்ன செய்வது என்பதற்கு நெறிமுறை வகுத்த தீர்ப்பு. சின்ன வயதில் கோஷம் போட்டது மாதிரியான அற்ப விஷயம் என்றால், அதை மறைத்திருந்தால்கூட மன்னித்துவிட வேலை கொடுப்பவருக்கு அதிகாரம் உண்டு என்றது. கவனியுங்கள், உதாரணத்துக்கு நீதிபதிகள் எடுத்துக்கொண்டதே கோஷம் போடுவதைத்தான்! எந்தக் கல்லூரி நிர்வாகமும் 'சட்டம் கையைக் கட்டுது சார்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

* * *

சரி, எல்லாப் போராட்டமும் ஒன்றா?

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். இங்கே மைதானத்துக்கு வரும் பையனின் கையில் ஒரு கலர் கயிறு இருக்கும். எந்தக் கலர் எந்த ஜாதி என்று ஊருக்கே தெரியும். 2023-ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, மாணவர்கள் கையில் இந்தக் கயிறு கூடாது என்றது.

தன் ஜாதிக்காகக் கொடி பிடித்து, அடுத்தவனை மிதித்த ஒருவர் 'நானும் போராளிதான்' என்று இன்டர்வியூவுக்கு வரலாம். அவர் கையில் டீமைக் கொடுத்தால் என்ன ஆகும்? பதினோரு பேர் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிராகவும் ஒரு சரித்திரம் உண்டு. பல்வங்கர் பாலு. தலித் குடும்பத்திலிருந்து வந்த சுழற்பந்து வீச்சாளர். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். ஆனால், பம்பாய்ப் போட்டிகளில் ஆடிய இந்து அணி அவரை ஒருபோதும் கேப்டன் ஆக்கவில்லை. 1920-ல் பொறுக்க முடியாமல் அவர் தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. 1923-ல் விட்டல் கேப்டன் ஆனார். அந்தத் தம்பிகள் கேட்டது, 'எங்கள் ஆளைப் போடு' என்றா? 'ஆட்டத்தைப் பார்த்துப் போடு' என்றார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், நாம் தேடிக்கொண்டிருக்கும் வித்தியாசம்.

இன்னொரு ஆட்சேபணையும் நியாயமானது. பயிற்சியாளர் தன் அரசியலைப் பிள்ளைகள் தலையில் கட்டினால்? ஊர்வலத்துக்கு வராத பையனை பெஞ்சில் உட்கார வைத்தால்? அது அதிகார துஷ்பிரயோகம். நிர்வாகத்துக்கு ஜால்ரா போடுகிறவர் செய்தாலும் தப்பு, புரட்சிக்காரர் செய்தாலும் தப்பு.

அதனால், அந்தக் காலிப் பணியிடத்துக்கு என் யோசனை இதுதான். விண்ணப்பத்தில் 'போராட்டம்' என்று தனிக் கட்டம் வேண்டாம். கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். முதலில் வேலை தெரியுமா என்று பாருங்கள். தெரியாதவரை அங்கேயே அனுப்பிவிடுங்கள். தேறியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "உங்கள் டீமில் இருக்கும் ஒரு பெண், உங்கள் மேலேயே, இல்லை உங்களுக்கு மேலே இருப்பவர் மேலேயே ஒரு புகார் சொல்கிறாள். மறுநாள் ஃபைனல். அவள்தான் உங்கள் நல்ல ஆட்டக்காரி. என்ன செய்வீர்கள்?"

கல்லூரிதோறும் பாலியல் புகாரை விசாரிக்கக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ல் சட்டம் வந்தது, 2015-ல் யு.ஜி.சி. விதியும் வந்தது. குழுவின் போர்டு சுவரில் தொங்கும். ஆனால், பத்தொன்பது வயதுப் பெண் முதலில் போர்டைப் பார்த்துப் போக மாட்டாள். யார் முகத்தைப் பார்த்தால் சொல்லலாம் என்று தோன்றுகிறதோ, அவரிடம் போவாள். தானும் ஒரு காலத்தில் புகார் சொல்லி, அதற்கு விலை கொடுத்தவர் அந்தக் கேள்விக்கு யோசித்துத் தடுமாற மாட்டார். அந்த அனுபவம் கொஞ்சம் மற்றவர்களுக்கும் இருக்கலாம். இருக்கட்டும், அவர்களும் வரட்டும். ஆனால், அந்த அனுபவம் இருக்கிறது என்பதற்காகவே ஒருவரை வாசலில் நிறுத்துவது, தீயணைப்புப் படைக்கு ஆள் எடுக்கும்போது நெருப்பைப் பார்த்தவர் வேண்டாம் என்று சொல்வது மாதிரி.

சாந்தியிடம் ஓடப் பழகும் ஒரு கிராமத்துப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தன் உடம்பைப் பற்றி யாராவது கேலி பேசினால், ஒரு அதிகாரி அவமானப்படுத்தினால், அந்தப் பெண் தன் கோச்சிடம் விளக்கவே வேண்டியதில்லை. பத்து வருஷம் அவரைக் காக்க வைத்தபோது நஷ்டப்பட்டவர் அவர் மட்டுமா? அந்தப் பத்து வருஷத்தில் அவரிடம் ஓடியிருக்க வேண்டிய பிள்ளைகளும்தான்.